ஆடு தின்ற பார்லி

முன்னொரு காலத்தில் சுமேர் தேசத்தில், யூப்ரடீஸ் ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றை லுகால்சிர் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் சாப்பாடு சரியில்லை என்றால் அவனுக்குக் கண்மண் தெரியாது. அன்று விருந்தில் கறியே இல்லாத ஆட்டெலும்பைக் கடித்து அவன் பல் ஆடிவிட்டது. "கூப்பிடு அந்த இடையனை!" என்று கத்தினான்.

இடையன் அகல்லா வந்து நின்றான். தீவனக் கணக்கு அதிகாரி உர்துக்கு, களிமண் பலகை ஒன்றை நீட்டினான். "பாருங்கள் ராஜா! இந்தப் பஞ்சத்திலும் அரண்மனை ஆடுகளுக்குத் தவறாமல் பார்லி அனுப்பியிருக்கிறேன். என் கழுதைகளே வெறும் வைக்கோல்தான் தின்கின்றன. ஆடு இளைத்தது என்றால் இவன்தான் திருடியிருக்கிறான்."

"சத்தியமா பட்டிக்கு ஒரு மணிகூட வரல சாமி!" என்று அழுதான் அகல்லா.

"முத்திரை குத்திய பலகை பொய் சொல்லுமா? வெட்டுங்கள் இவன் கையை!" என்றான் ராஜா.

மந்திரி நம்மாகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதத் தெரியாதவன் என்றால் அவன் பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாமா? "களிமண் பாவம், எழுதியதைச் சுமக்கும். தின்றவர்களைக் கேட்டீர்களா ராஜா?"

"ஆட்டையா கேட்கச் சொல்கிறீர்?"

சபை சிரித்தது. உர்துக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

மந்திரி ஆடுகளை முற்றத்துக்கு ஓட்டிவரச் சொன்னார். அந்த ஊரில் தீவனம் அளக்கும் வெண்கலப் படியைத் தட்டிவிட்டுத்தான் பார்லி போடுவார்கள். தின்று பழகிய பிராணி அந்தச் சத்தம் கேட்டால் நிற்காது. நம்மாகி படியை ஓங்கித் தட்டினார்.

ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில்தான் ஒரே அமளி. உர்துக்குவின் கொழுத்த கழுதைகள் வண்டியையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, படிக்குள் மூக்கை நுழைத்தன.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதீர்கள்!" என்று சீறினார் நம்மாகி. "நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் இவன் கை மண்ணில் கிடக்கும்!"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. தன் மணிமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். படியை எடுத்து அகல்லாவிடம், "இனி அளப்பது நீதான்" என்று கொடுத்தான். பிறகு உர்துக்குவின் பக்கம் திரும்பினான்.

"இவனைச் சிறையில் போடுங்கள். மூன்று வேளையும் ராஜ விருந்து."

உர்துக்குவால் தன் காதையே நம்ப முடியவில்லை. "விருந்தா ராஜா?"

"ஆமாம். கறி, ரொட்டி, பேரீச்சம்பழம், எல்லாவற்றையும் பலகையில் எழுதி முத்திரை குத்திக் கொடுக்கச் சொல்கிறேன். தட்டில் வைக்கோல் இருக்கும்."