முள்ளம்பன்றிக்குப் பின்னிய ஸ்வெட்டர்

ஒரு மலைக்காட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டினால் கொஞ்சமாகவா? மரம் வெள்ளை, பாறை வெள்ளை, ஓடையும் உறைந்துபோய் வெள்ளை. வெளியே மூக்கை நீட்டினால் மூக்கு விறைத்துப்போகும். அந்தக் காட்டில் ஒரு குகை இருந்தது. பனிக்காலம் முடியும்வரை அதற்குள் நான்கு பேர் ஒண்டிக் கிடந்தார்கள்.

குரங்குக்குக் கை சும்மா இருக்காது. முயலுக்கு, அடுத்தவரிடம் இருப்பதெல்லாம் தனக்கும் வேண்டும். அணிலுக்கு வாய் நீளம். நான்காவது ஆள் முள்ளம்பன்றி. அதற்கு 'இல்லை' என்று சொல்ல வராது. 'தங்கமான மனசு' என்று ஊரில் சொல்வார்களே, அந்த ரகம். அந்த ரகத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம், பிள்ளைகளே. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

குகையின் வாசல் குறுகலானது. அந்த வாசலில் முள்ளம்பன்றி தன் முதுகை வெளிப்பக்கம் காட்டி உட்கார்ந்திருக்கும். ஏதாவது காலடிச் சத்தம் கேட்டால் போதும், முள்ளெல்லாம் விறைக்க, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கும். சலசல என்று சத்தம் வரும். வந்தவன் வந்த வழியே போய்விடுவான். கதவு, தாழ்ப்பாள், காவல்காரன் எல்லாம் அந்த முதுகுதான்.

பனி தொடங்கியபோது ஓர் ஓநாய் அந்த வாசலில் தலையை விட்டது. மூக்கில் மூன்று முள் ஏறியது. அலறிக்கொண்டு ஓடிய ஓநாய், பாறை மறைவில் படுத்துப் பல்லால் முள்ளைப் பிடுங்கி எறிந்தது. அங்கேயே சில நாள் கிடந்து யோசித்தது. பசித்தவனுக்கு யோசனை நன்றாக வரும்.

ஒருநாள் குகைக்குள்ளிருந்து குரங்கின் குரல் கேட்டது. "சாப்பிட்டாயிற்று, தூங்கியாயிற்று, பேன் பார்த்தாயிற்று. பொழுதே போகவில்லையே! இப்படியே உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்!"

ஓநாய் காதை நிமிர்த்தியது. அடிபட்ட மூக்கை நக்கிக்கொண்டு மெல்ல எழுந்து, பனியில் இறங்கிப் போனது.

மறுநாள் காலையில் வாசலுக்கு வெளியே ஒரு கம்பளிப் பொதி கிடந்தது. மெத்துமெத்தென்ற வெள்ளாட்டு மயிரா? இல்லை. அசல் செம்மறிக் கம்பளி. ஓநாய் தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"பயப்படாதீர்கள்" என்றது ஓநாய். "அன்றைக்கு நான் செய்தது தப்பு. அதற்கு மூக்கில் தண்டனையும் கிடைத்துவிட்டது. உள்ளே பொழுது போகவில்லை என்று யாரோ அழுதது காதில் விழுந்தது. கீழே ஊரில் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுவார்கள். நேரம் போவதே தெரியாதாம். என்னிடம் இது சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு அது திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

முள்ளம்பன்றி பொதியை முகர்ந்து பார்த்தது. "இது யாருடைய கம்பளி? அந்த ஆடு இப்போது எங்கே?" என்று கேட்டது.

"கம்பளியில் பெயரா எழுதியிருக்கிறது?" என்று அணில் வெடுக்கென்று சொன்னது. "தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே, ஓய்!"

குரங்குக்கு வாயெல்லாம் பல். ஊர்ப் பெண்கள் பின்னுவதை அது மரத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. கம்பளியை விரலால் திரித்து நூலாக்கியது. ஆனால் பின்னுவதற்கு ஊசி வேண்டுமே! குச்சியை எடுத்துப் பார்த்தது. நூல் குச்சியில் சிக்கியது, குச்சியும் முறிந்தது. குகைத் தரையில் முள்ளம்பன்றியிடமிருந்து தானாக உதிர்ந்த முள் இரண்டு கிடந்தன. எடுத்துப் பார்த்தால், அடேயப்பா! வழவழவென்று, கூராக, நீளமாக, அதற்கென்றே செய்த மாதிரி இருந்தன.

"அண்ணே, இதை எடுத்துக்கொள்ளட்டுமா?"

"விழுந்ததுதானே, எடுத்துக்கொள்" என்றது முள்ளம்பன்றி.

சாயங்காலத்துக்குள் குரங்கு ஒரு சாண் மஃப்ளர் பின்னிவிட்டது. முயல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாசலுக்கு நகர்ந்து வந்து, "முள்ளு மாமா, குரங்கக்காவுக்கு மட்டும் கொடுத்தீர்களே, நான் என்ன பாவம் செய்தேன்?" என்று மூக்கைச் சிந்தியது.

"விழுந்தது தீர்ந்துவிட்டதே, அம்மா."

"விழாததும் இருக்கிறதே, மாமா!"

முள்ளம்பன்றிக்கு 'இல்லை' என்று சொல்ல வராது என்று சொன்னேனே. பல்லைக் கடித்துக்கொண்டு முதுகைத் திருப்பியது. முயல் இரண்டு முள்ளைப் பிடுங்கியது. அடுத்து அணில் இரண்டு முள்ளைப் பிடுங்கியது. அணில் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கும் பழக்கமே அதற்கு இல்லை.

அன்றிலிருந்து குகையில் ஒரே கொண்டாட்டம். "இரண்டு போடு, ஒன்றைத் தாண்டு, நூலைச் சுற்று" என்று குரங்கு சொல்லிக் கொடுக்க, மற்ற இரண்டும் குனிந்த தலை நிமிராமல் பின்னின. பனி விழுவதும் தெரியவில்லை, பொழுது போவதும் தெரியவில்லை.

ஓநாய் மறுபடியும் வந்தது. இந்த முறை கறுப்புக் கம்பளி. எட்டவே நின்று, "மஃப்ளரா? அழகு! காலுறை பின்னவில்லையா? அதற்கு மட்டும் நான்கு ஊசி வேண்டும் என்பார்கள். உங்களிடம் ஏது அவ்வளவு?" என்றது.

"ஏன் இல்லை?" என்று அணில் வீறாப்பாகச் சொன்னது. "எங்கள் ஊசிப் பெட்டி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது!"

அன்றைக்குப் பன்னிரண்டு முள் போயிற்று. மூன்று பேருக்கும் காலுறை வேண்டுமல்லவா?

"பழைய ஊசி என்னவாயிற்று?" என்று முள்ளம்பன்றி கேட்டது. அதன் முதுகில் ரத்தம் பொடித்திருந்தது.

"அது மஃப்ளரில் இருக்கிறது, அண்ணே."

"மஃப்ளரை முடித்துவிட்டு அந்த ஊசியில் காலுறை பின்னக்கூடாதா?"

"மஃப்ளர் அலுத்துவிட்டது. அப்புறம் முடித்துக்கொள்ளலாம்."

"அப்படியென்றால் ஊசியை மட்டும் உருவிக்கொள்."

குரங்கு பதறிப்போனது. "உருவினால் ஊசியில் மாட்டியிருக்கிற கண்ணியெல்லாம் கழன்றுவிடுமே! அத்தனை வேலையும் பாழ்! பின்னல் தெரியாதவர் பேசக்கூடாது, அண்ணே."

இப்படித்தான் நடந்தது, பிள்ளைகளே. எதையும் யாரும் முடிக்கவில்லை. காலுறை குதிகாலோடு நின்றது, கையுறை கட்டைவிரலோடு நின்றது. பாதிக் குல்லா ஒன்று, கால் போர்வை ஒன்று. வாலுக்கு உறை, கிழங்குக்கு உறை, உட்காரும் கல்லுக்குக்கூட ஓர் உறை! அத்தனையிலும் ஊசி செருகியபடியே இருந்தது. ஓநாய் கம்பளி கொண்டுவரக் கொண்டுவர, புதிதாக ஒன்றைத் தொடங்க, புதிதாக முள்ளைப் பிடுங்க. முள்ளம்பன்றியின் முதுகு அறுவடை முடிந்த வயலாகிவிட்டது.

ஒருநாள் அது குளிர் தாங்காமல் நடுங்கியது. "இனிமேல் கேட்காதீர்கள். பிடுங்கிய முள் கோடையில்தான் முளைக்கும். இருப்பதை வைத்துத்தான் நான் வாசலைக் காக்க வேண்டும். ஓநாய் வெளியேதான் இருக்கிறது" என்றது.

"ஓநாயா? பாவம், அதுதானே நமக்குக் கம்பளி கொடுத்தது! உனக்கு முள்ளைக் கொடுக்க மனசில்லை. அதற்கு ஓநாயின் மேல் பழியா?" என்று அணில் சீறியது.

முள்ளம்பன்றி மறுபடியும் முதுகைத் திருப்பியது. கஞ்சன் என்ற பெயர் வந்துவிடுமே என்று அதற்கு வருத்தம். கடைசியில் தோளைச் சுற்றியும் இடுப்பிலுமாக ஒரு கைப்பிடி முள்தான் மிச்சம். அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வாசலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

ஓநாய் வந்தது. மஞ்சள் நிறம் ஏறிய கம்பளி, அதுவரை கொண்டுவந்ததிலேயே மிருதுவானது.

"உங்களுக்கு எத்தனை நாளாகக் காவல் இருக்கிறார் அவர்! குளிரில் எப்படி நடுங்குகிறார் பாருங்கள்" என்றது. "அவருக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லையா?"

மூன்றுக்கும் வெட்கமாகிவிட்டது. வெட்கத்தோடு விழுந்து விழுந்து பின்னின. அதிசயமாக, அந்த ஒன்றை மட்டும் முடித்தன. கொண்டுவந்து முள்ளம்பன்றிக்கு மாட்டிவிடப் பார்த்தால், மிச்சமிருந்த முள் கம்பளியில் மாட்டிக்கொண்டு உள்ளே போக விடவில்லை.

"இந்தக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டால் கச்சிதமாகப் போய்விடும், அண்ணே" என்றது குரங்கு.

"வேண்டாம்" என்றது முள்ளம்பன்றி. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னது.

"உங்களுக்காகத்தானே மாமா பின்னினோம்!" என்று முயல் கண் கலங்கியது. "வேண்டாம் என்கிறீர்களே!"

முள்ளம்பன்றிக்குப் பிறந்ததிலிருந்து யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. யாரும் பக்கத்தில் வந்து சாய்ந்ததில்லை, முதுகைத் தடவிக் கொடுத்ததில்லை. முள் இருக்கிற முதுகை யார் தடவுவார்கள்? அது தலையைக் குனிந்துகொண்டது. மிச்ச முள்ளையும் பிடுங்கினார்கள். ஸ்வெட்டர் கச்சிதமாக இறங்கியது. முயல் வந்து அதன் முதுகில் கன்னத்தை வைத்து, "எவ்வளவு கதகதப்பு!" என்றது. முள்ளம்பன்றிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பிடுங்கிய முள்ளை மூன்றும் பங்கு போட்டுக்கொண்டு புதிதாக ஆளுக்கொன்று தொடங்கின.

மறுநாள் காலையில் பனி நின்றது. பளீரென்று வெயில் அடித்தது. வெளியே பனியில் காலடி நறநறவென்று கேட்டது. இந்தத் தடவை அது எட்டத்தில் நிற்கவில்லை.

முள்ளம்பன்றி பழக்கம்போல முதுகை வாசலுக்குக் காட்டி உடம்பை உலுக்கியது. சத்தம் வரவில்லை. மறுபடி உலுக்கியது. மஞ்சள் ஸ்வெட்டர்தான் குலுங்கியது.

"ஸ்வெட்டர் உங்களுக்கு நன்றாக இருக்கிறது, பெரியவரே" என்றது ஓநாய், வாசலில் நின்றுகொண்டு.

முள்ளம்பன்றி உள்ளே பார்த்துக் கத்தியது. "முள்ளை எடுங்கள்! பின்னலில் இருக்கிற முள்ளையெல்லாம் உருவி ஆளுக்கொரு பிடி பிடித்து வாசலில் நீட்டுங்கள்! அத்தனை முள்ளும் இங்கேதான் இருக்கிறது! சீக்கிரம்!"

உண்மைதான். ஒரு முள்கூட வெளியே போகவில்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. மூன்றும் உருவி நீட்டியிருந்தால் ஓநாய் அன்றைக்கும் அலறிக்கொண்டு ஓடியிருக்கும்.

முயல் தன் காலுறையைப் பார்த்தது. "குதிகாலை இப்போதுதான் பின்னி வளைத்தேன். அணிலண்ணா, உன் குல்லாவிலிருந்து உருவேன்."

"என் குல்லாவா? பூவேலை போட்டது அது! குரங்கின் மஃப்ளர் எத்தனை நாளாகச் சும்மா கிடக்கிறது, அதை உருவு!"

"ஒரே ஒரு வரிசை! இந்த ஒரு வரிசையை முடித்துவிட்டு உருவித் தருகிறேன்" என்றது குரங்கு. அதன் விரல்கள் நிற்காமல் பின்னின.

"கண்ணி போனால் போகட்டும்!" என்று முள்ளம்பன்றி அலறியது.

அதற்குமேல் அதனால் பேச முடியவில்லை. ஓநாயின் பல் ஸ்வெட்டரில் இறங்கியது. கம்பளி பல்லை என்ன செய்யும்?

முயல் ஓடப் பார்த்தது. அளவு பார்க்கப் பின்னங்காலில் மாட்டியிருந்த பாதிக் காலுறை உறைபனியில் வழுக்கிவிட்டது. அணில் பின்னல் குவியலுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டு, கடைசிவரை வாயை மூடிக்கொண்டிருந்தது. அதன் வாழ்நாளில் அது வாயை மூடியது அப்போதுதான். ஓநாய் நகத்தால் குவியலைக் கிளறியது, அவ்வளவுதான். குரங்கு இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. வரிசையில் இன்னும் நான்கு கண்ணி பாக்கி இருந்தது.

வயிறு நிறைந்த ஓநாய் பின்னல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்து ஒரு தூக்கம் போட்டது. எழுந்ததும் ஒவ்வொன்றாக ஊசியை உருவிப் பனியில் எறிந்தது. பிறகு மஃப்ளரின் நூல் நுனியைப் பல்லில் கடித்து இழுத்தது. எந்தக் கண்ணி கழன்றுவிடும் என்று பயந்து மூன்று பேரும் உயிரை விட்டார்களோ, அந்தக் கண்ணிகளெல்லாம் மளமளவென்று கழன்றன. காலுறை போனது, குல்லா போனது, மஞ்சள் ஸ்வெட்டரும் போனது. கடைசியில் ஒரு பெரிய கம்பளிப் பொதிதான் மிச்சம்.

ஓநாய் அதை முதுகில் போட்டுக்கொண்டு மலையின் மறுபக்கம் இறங்கியது. அங்கேயும் ஒரு குகை இருந்தது. அங்கேயும் வாசலில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரோ கொட்டாவி விடும் சத்தம் கேட்டது.

நீதி: தன்னைக் காக்கும் வேலியைப் பிடுங்கி விளையாடுகிறவன், விளையாட்டு முடியும் முன்னே முடிந்துபோவான்.