தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன செடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. சும்மா வாய் இல்லை, நல்ல வாய்! விடிந்ததும் வாசல் துளசி, "இன்னுமா தூக்கம்?" என்று வீட்டுக்காரியை அதட்டும். பூசணிக்கொடி தாகம் என்று அழ ஆரம்பித்தால் பக்கத்து ஊர்வரை கேட்கும். யாருக்கு என்ன வேண்டுமோ வாய்விட்டுக் கேட்டார்கள், வாங்கிக் குடித்தார்கள்.

கேட்கத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குத் தொட்டியில் வைத்து பீஸ் லில்லி என்று விற்கிறார்களே, அந்தச் செடி. அப்போது அதற்குப் பேரும் கிடையாது, வெள்ளைப் பூவும் கிடையாது. மலையடிவார ஓடைக்கரையில் பெரிய மரங்களின் நிழலில் நின்றிருந்தது. ஒரு பெருங்காற்றில் மரங்கள் சாய்ந்தன. வெயில் நேராக விழுந்து இலையெல்லாம் கருகிவிட்டது.

விறகு பொறுக்க வந்த நாச்சாயி அதைப் பார்த்தாள். "அடப் பாவமே, வெந்து போயிட்டயே புள்ள" என்று வேரோடு எடுத்து வந்தாள். வாய் உடைந்த பானையில் நட்டு, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற சமையற்கட்டு ஜன்னலோரம் வைத்தாள். இலைகளை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத்தான் துடைப்பாள்.

"தண்ணி வேணுமா புள்ள?" என்று காலையில் கேட்பாள்.

"வேண்டாங்க அக்கா, நேத்து குடிச்சதே இருக்குது" என்று செடி சொல்லும். இருக்காது. ஆனால் ஒண்ட வந்த இடத்தில் அதுவேண்டும் இதுவேண்டும் என்று கேட்க அதற்குக் கூச்சம். தாகத்தில் உயிர் போனாலும் நிமிர்ந்துதான் நிற்கும்.

நாச்சாயி மட்டும் என்ன? அவள் புருஷன் மாரப்பன் ஆடு மேய்த்துவிட்டு வந்து சோற்றில் கை வைக்கும்போது, "நீ சாப்பிட்டயா?" என்பான். "ஆச்சுங்க" என்பாள். உலையில் போட்டது ஒரு ஆளுக்கான அரிசி என்பது ஜன்னலோரம் நிற்கிற செடிக்கல்லவா தெரியும்!

ஒருநாள் நாச்சாயி பானை மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்து பொரிந்து கிடந்தது. "அடி கள்ளி! எங்கிட்டயே பொய்யா?"

"நீங்க மட்டும் மாமாகிட்ட நெசமா சொல்றீங்க?" என்றது செடி.

நாச்சாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீ என்னைக் காட்டிக் கொடுக்காதே. நானும் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கட்சி. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு மழை பொய்த்தது. கிணறு வறண்டது, ஓடை வறண்டது. பூசணிக்கொடி அழுது அழுதே காய்ந்தது. துளசிக்குத் தொண்டை அடைத்துக் குரல் போயிற்று. ஊரில் ஒவ்வொரு செடியாக வாய் மூடியது. அந்தக் கோடையில் போன வாய் அவற்றுக்குத் திரும்பவே இல்லை. நிழலில் நின்ற நம் செடி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

மலைச்சுனையில் ஊறுகிற தண்ணீரை மாரப்பன் குடத்தில் சுமந்து வருவான். அவன் குடிப்பான், ஆடுகள் குடிக்கும். "நான் குடிச்சாச்சுங்க" என்பாள் நாச்சாயி. அவள் கண் உள்ளே போயிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வதைச் செடி பார்த்துக்கொண்டே இருந்தது.

சுனையும் வற்றிய அன்று மாரப்பன் ஒரு முடிவுக்கு வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் அவை பிழைக்கும். மலையேறப் பெண்டாட்டிக்குத் தெம்பில்லை; ஆடுகளைச் சேர்த்துவிட்டு வந்து அவளைத் தூக்கிப் போகலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அவனுக்குப் பயமாக இருந்தது. நேராகச் செடியிடம் வந்தான்.

"பொழுதுக்கும் கூடவே இருக்கிறவ நீ. நெசத்தைச் சொல்லு. இவ தண்ணி குடிக்கிறாளா? இல்லேன்னா ஆடு செத்தாச் சாவட்டும், இவளை இப்பவே தோள்ல தூக்கிட்டுப் போயிடறேன்."

மாரப்பன் முதுகுக்குப் பின்னால் நாச்சாயி நின்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆடு போனால் பிழைப்பே போய்விடும் என்பது அவள் கவலை. கொடுத்த வாக்கு செடியின் கவலை.

"குடிக்கிறாங்க மாமா" என்றது செடி.

செடி பொய் சொல்லும் என்று அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்? மாரப்பன் குடத்தில் மிஞ்சியிருந்த ஒரு செம்புத் தண்ணீரை அவளுக்கு வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது நாச்சாயி ஜன்னலடியில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. ஒரு கை பானை விளிம்பில் இருந்தது. செம்பு காலி. பானை மண் மட்டும் ஈரமாக இருந்தது. செடி பச்சைப்பசேல் என்று நிமிர்ந்து நின்றது.

"எனக்கு வேண்டாம்னுதான் மாமா சொன்னேன்" என்று அழுதது செடி. "என் பேச்சை அவங்க நம்பல. நம்புன உங்ககிட்ட எதுக்கு மாமா நான் பொய் சொன்னேன்?"

மாரப்பன் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, பானையைத் தூக்கிக் கொண்டுபோய் உச்சி வெயிலில் வைத்தான். "அவ படுத்துட்டா. நீ எதுக்கு நிக்கறே?" என்றான்.

அப்போதுதான் அந்தச் செடி வாழ்நாளில் முதல்தடவையாகச் சாய்ந்தது. இலை நுனியெல்லாம் கருகி, தண்டெல்லாம் துவண்டு, நாச்சாயி கிடந்த மாதிரியே பானையைச் சுற்றிக் கிடந்தது. மாரப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே தூக்கி வந்து, ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினான். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு இலையாக எழுந்து நின்றது.

மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "இப்படி ஒருதடவை அவ சாஞ்சு காட்டியிருந்தா ஊத்தியிருப்பேனே! ஒரே ஒருதடவை!"

"என் முகத்தை மூடிருங்க மாமா. இனி நான் பேசலை" என்றது செடி. அவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் ஒரு முனையைக் கிழித்து அதன் தலையில் போட்டான். அன்று சொன்ன பொய் அதன் சாற்றோடு கலந்துவிட்டது. இன்றைக்கும் பூனையோ குழந்தையோ அந்த இலையைக் கடித்தால் நாக்கு எரியும்.

அன்று முதல்தான் அந்தச் செடி வெள்ளைப் பூவை முக்காடாகப் போட்டு, வெயில் படாத மூலையில் நிற்கிறது. கொஞ்சம் தாகம் எடுத்தாலும் வெட்கப்படாமல் துவண்டு விழுந்து காட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறி ஓடிவந்து தண்ணீர் ஊற்றுகிற வீட்டுக்காரியை, உள்ளேயிருந்து யாராவது "நீ சாப்பிட்டயா?" என்று கேட்டால், அவள் மட்டும் இன்னும் "ஆச்சு" என்றுதான் சொல்கிறாள்.