ஒன்றும் இல்லாத வட்டு

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிருமிகள் பரப்பிய கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் பொட்டு வைப்பதுபோல் மூன்று காகித வட்டுகளை வைத்தாள் நிலோஃபர். ஒன்று ஆல்கஹாலில் இறக்கிய வேப்பிலைச் சாறு குடித்தது. இன்னொன்று அதேபோல் இறக்கிய குப்பைமேனிச் சாறு. மூன்றாவதில் வெறும் ஆல்கஹால்தான். எந்த இலை தன்னைச் சுற்றிக் கிருமிகளை அதிகம் ஒழிக்கிறதோ, அதைத்தான் அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வாள்.

"எனக்கெல்லாம் பரீட்சையா?" என்று அலுத்துக்கொண்டது வேப்பிலை. "அம்மை போட்டா என்னைத்தான் வாசல்ல சொருகுறாங்க. குப்பையில முளைச்சதோட என்னை ஒரே தட்டுல வச்சிருக்கா."

"தட்டு அவங்களோடது. வந்த வேலையைப் பாருங்க," என்றது குப்பைமேனி.

வேப்பிலை மூன்றாவது வட்டை முறைத்தது. "நீ எதுக்கு வந்தே?"

"தெரியலைங்க. என்கிட்ட ஒண்ணும் இல்லை. சும்மா இருக்கத்தான் வச்சிருக்காங்க."

மறுநாள் நிலோஃபர் ஸ்கேல் வைத்து, கிருமி இல்லாத வளையங்களை அளந்தாள். வேப்பிலைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர். குப்பைமேனிக்கும் பன்னிரண்டு. சும்மா இருந்த வட்டுக்கும் பன்னிரண்டு.

வேப்பிலைக்கு மானமே போயிற்று. "நான் எதையும் தொடலைங்க," என்று நடுங்கியது வெறும் வட்டு.

வளையத்தின் ஓரத்தில் தப்பியிருந்த ஒரு கிருமி சொன்னது: "எங்க ஆளுங்களைக் கொன்னது இலையும் இல்லை, தழையும் இல்லை. குடி."

நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆல்கஹால் ஆவியாகிப் போகும்வரை வட்டுகளைக் காய வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு வைத்துவிட்டாள்.

"வெறும் வட்டை மட்டும் எழுதாம விடுடி," என்றாள் தோழி பவுலின். "வெள்ளிக்கிழமை சார்கிட்ட காட்டணும். யாரு பாக்கப் போறா?"

"நல்ல பொண்ணு," என்றது வேப்பிலை.

"நான் பாத்துட்டேனே," என்றாள் நிலோஃபர்.

புது வட்டுகளில் மூவரும் மறுபடி ஏறினார்கள். இந்த முறை காய்ந்த பிறகே தட்டுக்குப் போனார்கள். மறுநாள் குப்பைமேனிக்குப் பதினொன்று, வேப்பிலைக்கு எட்டு. வெறும் வட்டின் ஓரம்வரை கிருமிகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. அதற்குச் சைபர். ஆனாலும் அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சைபர் வாங்கிட்டு என்ன இளிப்பு?" என்று எரிந்து விழுந்தது வேப்பிலை.

"நான் சைபர் வாங்கலைன்னா உங்க எட்டை எவன் நம்புவான்?"