முன்தண்டுக்காரன் சொன்ன வழி

ஒரு சக்கரவர்த்தி இருந்தார். ஆட்சியைக் குறை சொன்னவன் நாக்கை அறுப்பது அவர் சட்டம். நாக்குகள் குறைந்தனவே தவிர, ஊரில் முணுமுணுப்பு குறையவில்லை.

ஒருநாள் பட்டுத்திரை போட்ட பல்லக்கில் ஊர்வழியே போகும்போது, முன்தண்டு சுமந்த கொம்பையாவிடம் கேட்டார்: "அடே, ஜனங்களுக்கு என்மேல் என்ன கோபம்? அரண்மனை சேர்வதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் குறை சொன்னாயோ, நாக்கு இருக்காது."

"உத்தரவு சாமி" என்று கொம்பையா தன் வேலையைப் பார்த்தான். பல்லக்கில் முன்னால் போகிறவன் பாதையைச் சொல்லச் சொல்ல, பின்னால் வருகிறவன் காலை எடுத்து வைப்பான்.

"வரிக்காரங்க பேத்துப்போட்ட கதவு கிடக்கு, தாண்டி வா. பசியில ஒருத்தன் சுருண்டு கிடக்கான், மிதிச்சிராதே. மூணு மகனையும் சண்டைக்குக் குடுத்தவ நடுவழியில உக்காந்திருக்கா, ஒதுங்கி வா."

"குறையா சொல்கிறாய்?" என்று திரைக்குள் குரல் உறுமியது.

"இல்லீங்க சாமி, பின்னால வர்றவனுக்கு வழி சொல்றேன். அவனுக்குப் பல்லக்கு மறைக்குது. உங்களுக்குத் திரை மறைக்குது."

பட்டுத்திரை விலகியது. பிறகு பல்லக்கை இறக்கச் சொல்லி, சக்கரவர்த்தி வெறுங்காலோடு தெருவில் நின்றார்.

கொம்பையா தன் தேய்ந்த செருப்பைக் கழற்றி அவர்முன் வைத்தான்.

"போட்டுக்கிட்டு வாங்க சாமி. இது நாங்க நடக்கிற வழி, முள்ளு ஜாஸ்தி."