ஏழு புள்ளி இரண்டு இருந்த இடம்

மங்கையர்க்கரசியிடம் தொழில் பயின்றவர்கள் சிலர். அவர்களுள் வயதில் மூத்தவர் செல்வநாயகம், ஆசிரியையைவிடவும் மூத்தவர். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதி நெடுங்காலம் கழித்தவர், குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும், ஆசிரியை பணியாற்றும் சிறு நிறுவனத்தைத் தேடிக் கோவைக்கு வந்தார்.

அவர்களுடைய மென்பொருள் செய்வது ஒரே வேலை. குழந்தையின் எடையைக் கொடுத்தால், டிரிப்ஸ் மணிக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று அது சொல்லும். செவிலியர் அந்த அளவை வைப்பார்கள்.

புதிய பதிப்பு ஆயத்தமானதும், நிரல் நிற்கும் அந்த நிலைக்கு ஒரு பெயரைக் கட்டுவார்கள். டேக் என்பது அதுதான். மருத்துவமனைகளின் கணினிகள் அந்தப் பெயரைச் சொல்லியே பதிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அன்று காலை வெளிவந்தது ஏழு புள்ளி இரண்டு. செல்வநாயகம் தனியே பொறுப்பேற்று வெளியிட்ட முதல் பதிப்பு அது.

நண்பகலில் அவர் ஆசிரியையின் மேசை முன் வந்து நின்றார்.

"ஒரு சந்தேகம், அம்மா."

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"டேக்குங்கிறது வெறும் பேர்தானே. பேர் தப்பான இடத்துல நின்னா, சரியான இடத்துக்கு நகர்த்தி வைக்கிறதுல என்ன குத்தம்?"

மங்கையர்க்கரசி திரையிலிருந்து கண்களை எடுத்தார்.

"நகர்த்தலாமான்னு கேக்கறீங்களா, நகர்த்திட்டுக் கேக்கறீங்களா?"

செல்வநாயகம் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"எடை தெரியாம பூஜ்யம்னு பதிவாயிடக் கூடாதேன்னு ஒரு வரி சேர்த்தேன். அது, ஒரு கிலோவுக்குக் கீழ இருக்கற எடை எல்லாத்தையும் முழு ஒரு கிலோன்னு எடுத்துக்கிட்டது. வெளியிட்ட பிறகு நானேதான் கண்டுபிடிச்சேன். நானே திருத்தினேன். திருத்தினதுக்கு அதே பேரைக் கட்டிட்டேன்."

"நடுவுல யாரும் வாங்கலையா?"

"வாங்கியிருக்க மாட்டாங்க."

"பார்த்தீங்களா?"

"நினைச்சேன்."

ஆசிரியை மீண்டும் திரையைப் பார்த்தார். செல்வநாயகம் விடவில்லை.

"பொருள் சரியா இருந்தா போதாதா, அம்மா? உள்ள சுத்தமா இருக்கு. வெளியில அதே பேர். யாருக்கு நஷ்டம்?"

அப்போது பெஞ்சமின் கைபேசியோடு வந்தார். மருத்துவமனைகளின் அழைப்புகளை ஏற்பது அவருடைய பணி.

"சார், உங்க முதல் ரிலீசுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். அது இல்லீங்க. நீங்களே பேசிடுங்க."

அவர் கைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். ஒரு பெண்குரல் விரைந்து பேசியது.

"சிஸ்டர் பிலோமினா பேசறேனுங்க. எங்க வார்டுல ரெண்டு கம்ப்யூட்டர். ரெண்டுலயும் ஏழு புள்ளி ரெண்டுன்னுதான் போட்டிருக்குது. ஒரே குழந்தைக்கு ரெண்டும் வேற வேற அளவு சொல்லுதுங்க. நான் எதை நம்பறது?"

செல்வநாயகம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை கைபேசியைக் கையில் எடுக்கவில்லை. அதை அவர் பக்கமாகச் சற்றே திருப்பி வைத்தார்.

"குழந்தை எடை என்ன, சிஸ்டர்?"

"எழுநூத்தி எண்பது கிராமுங்க. டிரிப்ஸ் இன்னும் ஆரம்பிக்கல. டாக்டர் திட்டறார், சீக்கிரம் சொல்லுங்க."

"எது கம்மியா காட்டுது?"

"சன்னல் ஓரமா இருக்கறது."

"அதுதான் சரி. இருந்தாலும் டாக்டரை வச்சுக் கையால ஒரு தரம் கணக்குப் பாருங்க. இன்னொண்ணை அணைச்சுடுங்க."

"சரிங்க. அப்ப அந்த இன்னொண்ணு என்ன?"

செல்வநாயகம் கைபேசியை நோக்கிக் குனிந்தார்.

"அதுவும் ஏழு புள்ளி ரெண்டுதான், சிஸ்டர்."

"நல்லா வெச்சீங்க போங்க பேரு" என்றது அந்தக் குரல். இணைப்பு அறுந்தது.

செல்வநாயகம் அதன் பிறகே நாற்காலியில் அமர்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பிச்சோம், அம்மா."

"இவங்க வார்டுல ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தது. வித்தியாசம் தெரிஞ்சது. கேட்டாங்க."

செல்வநாயகம் நிமிர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கற இடத்துல…"

"கேக்க மாட்டாங்க" என்றார் ஆசிரியை.

செல்வநாயகம் தம் இருக்கைக்கு ஓடினார். விசைப்பலகையில் அவர் விரல் படுமுன், பின்னாலேயே வந்த மங்கையர்க்கரசி அதன்மேல் கை வைத்தார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பேரைப் பழையபடி, இருந்த இடத்துக்கே கொண்டு போயிடறேன்."

"கொண்டு போன பிறகு ஒரு ஆஸ்பத்திரி ஏழு புள்ளி ரெண்டைக் கேட்டா, அவங்களுக்கு என்ன போகும்?"

அவர் யோசித்தார். விரல்கள் தாமே மடங்கின.

"பிழையா இருந்தது போகும்."

"அந்தப் பேரை இனித் தொடாதீங்க சார். எல்லாருக்கும் போன் போடுங்க. ஏழு புள்ளி ரெண்டை நிறுத்தச் சொல்லுங்க."

"சரியானதை வச்சிருக்கறவங்களையுமா?"

"யார்கிட்ட எது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களுக்கு?"

"தெரியாது."

ஆசிரியை தம் மேசைக்குத் திரும்பினார். திருத்தப்பட்ட நிரலை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினார்.

செல்வநாயகமும் பெஞ்சமினும் எண்களைப் பிரித்துக்கொண்டு அழைத்தார்கள். செல்வநாயகம் தம் முதல் அழைப்பை இப்படித் தொடங்கினார்: "வணக்கம் டாக்டர், ஒரு சின்னத் தொழில்நுட்பக் காரணத்தினால…" அங்கிருந்து ஆசிரியை தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தார். செல்வநாயகம் சொல்லை மாற்றினார்.

"டாக்டர், என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒரே பேர்ல ரெண்டு பதிப்பு வெளியில இருக்கு. ஒண்ணு பிழை. உங்ககிட்ட இருக்கறது எதுன்னு எனக்குத் தெரியாது. நாங்க திரும்பச் சொல்ற வரைக்கும் கையால கணக்குப் போடுங்க."

"அப்புறம் வெர்ஷன் நம்பர் எதுக்கய்யா போடறீங்க, அழகுக்கா?" என்று கேட்டார் அந்த மருத்துவர்.

செல்வநாயகம் அதைக் கேட்டுக்கொண்டார். அடுத்த எண்ணை அழுத்தினார். எல்லாரிடமும் அதே சொற்களைச் சொன்னார். சிலர் கடிந்தார்கள். ஒருவர் நன்றி சொன்னார். அதுவே அவருக்கு அதிகம் வலித்தது.

மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்று மட்டும் அழைப்பை எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார்கள். மணி அடித்து ஓய்ந்தது. அங்கே ஒரே வார்டு, ஒரே கணினி.

"வாசல்ல நிக்கற செக்யூரிட்டி நம்பர் எங்கிட்ட இருக்குது" என்றார் பெஞ்சமின். "மாசத்துக்கொருக்கா அவருதான் போன் பண்ணி கம்ப்யூட்டர் ஓடலைம்பாரு. போய்ப் பார்த்தா ஸ்விட்ச் போட்டிருக்க மாட்டாங்க."

காவலர் எடுத்தார். விஷயம் பாதி சொல்லும்போதே ஓடத் தொடங்கினார் என்பது மூச்சிரைப்பில் தெரிந்தது. கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு செவிலியின் குரல்.

"இங்க ஒரு குழந்தைக்குக் காலையிலேர்ந்து ஓடிட்டு இருக்குதுங்களே. அறுநூத்தி அம்பது கிராம்."

"நிறுத்துங்கம்மா" என்றார் செல்வநாயகம். "டாக்டரைக் கூப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கைபேசி எங்கோ வைக்கப்பட்டது. கருவியொன்று விட்டுவிட்டு ஒலித்தது. காலடிகள் வந்தன, போயின. அறுநூற்று ஐம்பது கிராம் உடலுக்கு ஒரு கிலோவுக்கு உரிய நீர். அந்தக் கணக்கைச் செல்வநாயகம் மனத்தில் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்தினார். அவருடைய உதடுகள் ஐந்தெழுத்தை உச்சரித்துக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் அவையும் நின்றன. பெஞ்சமின் அவர் தோளில் கை வைத்தார். மங்கையர்க்கரசியும் படிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஓர் ஆண்குரல் வந்தது.

"டாக்டர் பேசறேன். அளவு கூடத்தான் போயிருக்கு. நிறுத்தியாச்சு. லேசா வீக்கம் இருக்கு. மூச்சு சீரா இருக்கு, யூரின் போறது. கூடவே இருந்து பார்க்கணும். இப்போதைக்குப் பயமில்லை."

"பிழை எங்களுதுங்க, டாக்டர்."

"அதை அப்புறம் பேசிக்கலாம். சரியானதை அனுப்புங்க."

செல்வநாயகம் கைபேசியை மேசைமேல் வைத்தார். அது நழுவிவிடுமோ என்பதுபோல் கையை எடுக்காமலே இருந்தார்.

ஆசிரியை சோதனைகள் எல்லாவற்றையும் முடித்து அழைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரையில் புதிய பெயர் கட்டப்பட்டிருந்தது: ஏழு புள்ளி இரண்டு புள்ளி ஒன்று.

"உள்ள இருக்கறது நான் திருத்தின அதே வரிகள்தானே?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"அதேதான்."

"ஒரு எழுத்துக்கூட மாறலையா?"

"மாறலை. இதை வச்சிருக்கறவங்களுக்கு, இதை வச்சிருக்கோம்னு தெரியும்."

மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகப் புதிய பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டன. மலையடிவாரத்திலிருந்து காவலரே அழைத்து, புதிய பதிப்பு கணினியில் இறங்கிவிட்டது என்றார். குழந்தை அழுதது, குரல் நன்றாக இருந்தது என்றும் சொன்னார். பெஞ்சமின் அதைக் கேட்டுச் சிரித்தார். செல்வநாயகத்துக்குச் சிரிக்க வரவில்லை.

அவர் கிளம்ப எழுந்தார்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு, சார்."

"சொல்லுங்கம்மா."

"காலையில முதல்ல வெளியிட்டீங்களே, அது இப்ப எங்க இருக்கு?"

"பழைய நிரலோட வரலாற்றுல எங்கயோ இருக்கும். பேரை அதுமேல இருந்து எடுத்துட்டேன்ல. பேரில்லாம கிடக்கும்."

"தேடிக் கண்டுபிடிங்க. அதுக்கும் ஒரு பேர் கட்டுங்க."

செல்வநாயகம் ஆசிரியையை வியந்து பார்த்தார்.

"அம்மா, அது முழுப் பிழை. இனிமே யாரும் அதை வாங்கப் போறதில்லை. யார் கண்ணுலயும் படாம அப்படியே போகட்டுமே. அதுக்கு எதுக்கு ஒரு பேர்?"

மங்கையர்க்கரசி விளக்கை அணைக்கப் போன கையை நிறுத்தினார்.

"காலையிலேர்ந்து ஒரு குழந்தைக்கு அது சொன்ன அளவுதான் ஓடிச்சு, சார். எது ஓடிச்சுன்னு டாக்டர் கேட்டா, எந்தப் பேரைச் சொல்வீங்க?"