மிச்சம் வைத்த ஒரு விளக்கு

கரும்பாறைக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் பல விலங்குகள் வாழ்ந்தன. அவற்றுக்கு ஒரே ஒரு பயம். நெருப்பு!

கோடைதோறும் வடக்கே இருந்த புல்மலையிலிருந்து காட்டுத்தீ இறங்கி வரும். பின்னால் செங்குத்துப் பாறை. தப்பி ஓட இரண்டே வழி: கிழக்கு ஓடை, மேற்கு ஓடை. தீ எந்த ஓடைப் பக்கம் திரும்புகிறது என்று தெரிவதற்குள் காலடிக்கு வந்துவிடும். போன கோடையில் வெள்ளச்சி என்ற முயலின் நான்கு குட்டிகள் மேற்கு ஓடையில் கருகிப்போயின.

இந்த ஆண்டு ஒரு நல்ல காரியம் நடந்தது. காட்டை அளக்க வந்த மனிதர்கள் யானையைக் கண்டு ஓடியபோது ஒரு ட்ரோனை விட்டுவிட்டுப் போனார்கள். அதை இயக்கும் கருவி, படம் தெரியும் திரை, இரண்டு பேட்டரிகள், வெயிலில் விரித்தால் சார்ஜ் ஏற்றும் தகடு எல்லாம் கிடைத்தன. இனி தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மேலிருந்தே பார்த்துவிடலாம்.

சடையன் என்ற குரங்கு, மனிதர்கள் ட்ரோன் ஓட்டுவதைப் பத்து நாள் மரத்திலிருந்து பார்த்திருந்தது. ஓட்டும் வேலை அதற்கு. கோமளி என்ற கீரியின் வளை மனிதர்களின் கூடாரத்துக்கு அடியில் இருந்தது. பேட்டரியை எப்படிப் பாதுகாப்பது என்று அவர்கள் பேசியதெல்லாம் அதற்கு மனப்பாடம். பேட்டரிப் பொறுப்பு அதற்கு.

ஒவ்வொரு பேட்டரியிலும் நான்கு சிறிய விளக்குகள். நான்கும் எரிந்தால் முழு சார்ஜ். ஒரு விளக்கு மிச்சம் இருக்கும்போதே ட்ரோனை இறக்கிவிடச் சொல்லும் கோமளி. சூடான பேட்டரியை நிழலில் ஆறவைக்கும். ஆறிய பிறகுதான் சார்ஜ் ஏற்றும்.

காட்டுத் தலைவன் மலையப்பன் என்ற கரடிக்கு இது பிடிக்கவில்லை.

"இது இருபது நிமிடம் பறக்கும். நீ பதினைந்திலேயே இறக்குகிறாய். மீதி ஐந்து நிமிடத்தை யார் தின்பது?"

"யாரும் தின்னவில்லை, தலைவரே! அடிவரை காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். எதிர்காற்று அடித்தால் ட்ரோன் திரும்பி வரவும் சார்ஜ் வேண்டாமா?"

"நம் காட்டு விருந்தில் இலையில் மிச்சம் வைப்பவனை என்ன செய்வோம்?"

"தள்ளிவைப்போம்!" என்று கூட்டம் கத்தியது. இலையை நக்கித் துடைப்பதுதான் அந்தக் காட்டில் மரியாதை.

"சாப்பாடு வேறு, பேட்டரி வேறு!" என்றது கோமளி.

"மிச்சம் என்றால் மிச்சம்தான்! வேலை செய்யப் பிறந்ததற்கு நிழல் எதற்கு, ஓய்வு எதற்கு?"

கூட்டம் கைதட்டியது. தலைவன் தும்மினாலும் கைதட்டுகிற கூட்டம் அது. அதிகாரத்தில் இருப்பவனுக்கு அடுத்தவனுடைய ஓய்வு எப்போதும் சோம்பலாகத்தான் தெரியும்.

"இரண்டு பேட்டரியையும் கொண்டுவா!"

கோமளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. மற்றொன்றை வளைக்குள் இழுத்துச் சென்று வாசலில் உட்கார்ந்துகொண்டது. அதன் முடி சிலிர்த்து நின்றது.

"இதைத் தரமாட்டேன், தலைவரே. நெருப்பு வரும் நாளுக்கு ஒன்றாவது உயிரோடு இருக்கட்டும்!"

கரடி வளைக்குள் கையை விட்டது. முழங்கைக்கு மேல் போகவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கரடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இனி இவள் குளத்தில் வாய் வைக்கக் கூடாது! இவளோடு பேசுபவனுக்கும் தண்ணீர் கிடையாது!"

அன்று முதல் கோமளி ஒரு காத தூரம் நடந்து, பாறை இடுக்கில் கசியும் நீரை நக்கிக் குடித்தது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. வெள்ளச்சி மட்டும் புதிதாகப் பிறந்த தன் மூன்று குட்டிகளுடன் வந்தது.

"எனக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அக்கா. போகட்டும். அந்தப் பேட்டரியை நன்றாகப் பார்த்துக்கொள். இந்த மூன்றையாவது நான் வளர்க்க வேண்டும்."

கோமளி பேட்டரியை இரண்டு விளக்கு அளவில், குளிர்ந்த மண்ணில் வைத்திருந்தது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தது.

கரடியோ தன் பேட்டரியைப் பாடாய்ப் படுத்தியது. தன் பிறந்தநாளுக்கு ட்ரோனில் கொடி கட்டி, மாலை போட்டு ஊர்வலம் விட்டது. தேனடை தேட விட்டது. நான்கு விளக்கும் அணையும்வரை பறக்கவிட்டது. இறங்கியதும் கொதிக்கும் பாறையில் வைத்து உடனே சார்ஜ் ஏற்றியது.

"தலைவரே, என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அரை நாள் விடுங்கள்!" என்று சடையன் கெஞ்சியது.

"உனக்கு இன்னொரு கை இருக்கிறதே!"

இருபது நிமிடம் பறந்தது பன்னிரண்டு ஆனது. பிறகு ஏழு ஆனது. "இது ட்ரோனின் திமிர்!" என்றது கரடி. கூட்டம் ஆமாம் போட்டது.

ஒரு நண்பகலில் மலைக்குப் பின்னால் புகை எழுந்தது.

"நெருப்பு! நெருப்பு!" என்று காட்டுக்கோழிகள் அலறின.

"ஏற்று ட்ரோனை!" என்றது கரடி.

நான்கு விளக்கும் எரிந்தன. ட்ரோன் எழுந்தது. இரண்டே நிமிடத்தில் சிவப்பாகச் சிமிட்டியது. குளத்தைத் தாண்டியதும் தொப்பென்று புதரில் விழுந்தது. சடையன் ஓடிப்போய் எடுத்து வந்தது.

"தலைவரே! பேட்டரி தவளை வயிறு மாதிரி உப்பியிருக்கிறது!"

"மறுபடி சார்ஜ் ஏற்று!"

"ஏற்றாதே!" ஓடி வந்த கோமளி கத்தியது. "உப்பிய பேட்டரி தானே தீப்பிடிக்கும். கழற்றித் தூரத்தில் வெறும் பாறைமேல் வை!"

அது வளையிலிருந்து இன்னொரு பேட்டரியையும் இழுத்து வந்திருந்தது.

"இரண்டு விளக்குதானா? பாதியை வைத்து என்ன செய்வது?" என்று முறைத்தது கரடி.

"சும்மா வைத்திருக்கும்போது பாதிதான் அதற்கு நல்லது. இந்தப் பாதி நிஜமான பாதி! உங்கள் நான்கு விளக்கும் பொய். சடையா, கொடியை அவிழ். மாலையைப் பிய்த்துப் போடு. சுமை குறைந்தால்தான் அதிக நேரம் பறக்கும்."

ட்ரோன் எதிர்காற்றில் மலையை நோக்கிப் பறந்தது. எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

"தீ மேற்கு ஓடைக்குள் இறங்கிவிட்டது! கிழக்கு ஓடை காலி!" என்று கூவியது சடையன். அப்போது ஒரு விளக்கு அணைந்தது. ஒன்றுதான் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் போ! தீயின் அளவைப் பார்ப்போம்!" என்றது கரடி.

சடையன் வீங்கிய விரலைப் பார்த்தது. பிறகு கரடியைப் பார்த்தது.

"முடியாது, தலைவரே. திரும்புகிறேன்!"

அப்போது வெள்ளச்சி வீறிட்டது. "ஐயோ, இரண்டுதான் இருக்கிறது! என் கடைசிக் குட்டியைக் காணோம்!"

ஆள் உயரப் புல்லில் முயல்குட்டியை எங்கே தேடுவது? புகை நெருங்கிவிட்டது. ட்ரோன் புல்வெளிக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

"அந்த ஒரு விளக்கு இதற்குத்தான்! காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, வந்து சேர்ந்துவிடும். ஒரு சுற்று சுற்று!" என்றது கோமளி.

ட்ரோன் சுற்றியது. "அதோ! கறையான் புற்றுக்கு அடியில்!" என்று திரையைக் காட்டியது சடையன்.

அவ்வளவு நேரம் வாயால் வேலை செய்த கரடி, அன்று முதல்முறையாகக் காலால் வேலை செய்தது. புல்லைப் பிளந்துகொண்டு ஓடியது. முதுகு முடி பொசுங்கத் திரும்பி வந்தது. அதன் வாயில் குட்டி உதைத்துக்கொண்டிருந்தது!

ட்ரோன் சிமிட்டிக்கொண்டே சடையனின் கையில் வந்து இறங்கியது. அத்தனை பேரும் கிழக்கு ஓடை வழியாகத் தப்பினார்கள். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

மழை வந்தது. குளம் நிரம்பியது. பொசுங்கிய முதுகோடு கரடி கோமளியின் வளைக்கு வந்தது.

"குளத்துக்கு வா, கோமளி. முதல் வாய் உனக்கு. அன்று நீ வைத்த மிச்சம்தான்…"

"மிச்சம் இல்லை, தலைவரே. அது திரும்பி வரும் வழி. ஒரு நிபந்தனை இருக்கிறது. பேட்டரிக்கு உள்ள ஓய்வு சடையனுக்கும் வேண்டும்."

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு சம்மதித்தது. அந்தப் பேட்டரி அதன் பிறகும் பல கோடைகள் புல்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

உழைப்பவரின் ஓய்வைப் பறித்துக் கடைசித் துளிவரை பிழிகிறவன், ஆபத்து நாளில் தன்னைக் காக்க வரும் வலிமையைத் தன் கையாலேயே அழிக்கிறான்.