களஞ்சியத்தில் இல்லாத குழந்தை

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்ததை வயிற்றில் சுமந்துகொண்டு நிற்கிறவளிடம் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எந்த வாயால் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

இசக்கியப்பனுக்கும் தெரியவில்லை. நேரே மெகருன்னிசாவிடம் போனார். அந்த மரபணு ஆய்வுக்கூடத்தில் அவர்தான் குரு. சீடருக்குத்தான் வயசு கூட.

"உலகத்துக்கே பொதுவான மரபணுக் களஞ்சியத்துல தேடிட்டேன் மேடம். சந்தனமாரி மகளுக்கு மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கே, அந்த மாற்றம் வேற எந்தக் குழந்தைக்கும் இல்லை. இன்னொண்ணு கிடைச்சாத்தானே நோய்க்கு அதுதான் காரணம்னு சொல்லலாம்? வயித்துல இருக்கறதைச் சோதிக்கலாம்?"

மெகருன்னிசா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் தேடுங்க சார்."

தேடினார்.

"யாருமே இல்லை மேடம்."

"சந்தனமாரி மகளாச்சும் இருக்காளா?"

"அவளோடதை வச்சுத்தானே தேடுறேன்!"

"அதான் கேக்கேன். அவ கிடைச்சாளா?"

இசக்கியப்பன் தன் கணினி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குழந்தையின் மரபணு அவர் கணினிக்குள் பூட்டிக் கிடந்தது. கட்டுரை அச்சில் வரட்டும், அப்புறம் களஞ்சியத்தில் ஏற்றலாம் என்பது அந்தக் கூடத்து வழக்கம். முந்திக்கொண்டு எழுத ஆளா இல்லை? கட்டுரை இன்னும் பாதியில் நிற்கிறது. பிள்ளை போய் வருஷம் திரும்பிவிட்டது.

"எந்த ஊர்லயோ ஒரு டாக்டர் இதே மாற்றத்தை இன்னைக்குத் தேடுறார்னு வைங்க. அவருக்கு என்ன வரும்?"

"யாருமே இல்லைன்னுதான் வரும்."

"பூட்டி வைக்கிற வழக்கத்தைக் கொண்டாந்தது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"தெரியும்."

ஆற்றிய தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

வெளியே பெஞ்சில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். இசக்கியப்பனைக் கண்டதும் எழுந்தாள்.

"கிடைக்கலம்மா."

வயிற்றில் கை வைத்தபடி தலையாட்டினாள். அழவில்லை. அழுது தீர்த்தவள்.

"உங்க மகளோடதைக் களஞ்சியத்துல ஏத்தட்டுமா? பேரு, ஊரு இருக்காது. நாளைக்கு யாராவது தேடினா அவ கிடைப்பா."

"பேரு இல்லாம வேற என்ன சார் இருக்கும்?"

"வலிப்பு வந்தது. கழுத்து நிக்கல. பால் முழுங்க முடியல. அதெல்லாம்."

சந்தனமாரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நோவாவே இருக்கே. அவ சிரிப்பான்னும் ஒரு வரி போட்டுருங்க சார்."